உட்கருவுக்குள் ஓடியாடும் புரதங்கள்

குழந்தைகளே, கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு என்று மூன்று நிறமும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனையை உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். அது பெண் பூனைதான் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஆண் பூனைக்கு இந்த நிறக்கலவை அமைவது மிக மிக அரிது.

காரணம் எக்ஸ் குரோமோசோம். ரோமம் செம்பழுப்பாக இருக்க வேண்டுமா, கறுப்பாக இருக்க வேண்டுமா என்று முடிவுசெய்யும் மரபணு அதில்தான் இருக்கிறது. ஆண் பூனையின் செல்லில் ஓர் எக்ஸ். பெண் பூனையின் செல்லில் இரண்டு. பெண் பூனை கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன்னிடமுள்ள இரண்டு எக்ஸில் ஒன்றை மூடிவைத்துவிடுகிறது. எதை மூடுவது என்பதில் கணக்கில்லை. இந்தச் செல்லில் ஒன்று, அந்தச் செல்லில் மற்றொன்று. செம்பழுப்பு எக்ஸ் திறந்திருக்கும் செல்களின் வழிவந்த இடம் செம்பழுப்புத் திட்டு. கறுப்பு எக்ஸ் திறந்திருக்கும் இடம் கறுப்புத் திட்டு. வெள்ளைக்கு வேறொரு மரபணு பொறுப்பு.

மூடிவைத்த அந்த எக்ஸை 1949ஆம் ஆண்டிலேயே ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டார். கனடாவில் மர்ரி பார் என்ற மருத்துவர், தம் மாணவர் எவர்ட் பெர்ட்ராமுடன் பூனைகளின் நரம்புச் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சில பூனைகளின் செல்களில், உட்கருவுக்குள் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், புள்ளி இருந்தவை எல்லாம் பெண் பூனைகள்! அந்தப் புள்ளிக்கு இன்று 'பார் உடலம்' என்று பெயர். முழு எக்ஸ் குரோமோசோம் ஒன்று சுருண்டு, இறுகி, ஒதுங்கிக் கிடக்கும் கோலம் அது. பெண்ணின் செல்லில் ஓர் எக்ஸ் மூடப்பட்டுவிடுகிறது என்ற விளக்கத்தைத் தந்தவர் இங்கிலாந்தின் மேரி லயன், ஆண்டு 1961.

ஒரு குரோமோசோம் இறுகி மூடிக்கிடக்கிறது, பக்கத்திலேயே அதன் ஜோடி திறந்து வேலை செய்கிறது. இரண்டும் ஒரே உட்கருவில்தான் இருக்கின்றன. அப்படியானால் திறந்து மூடும் வேலையைச் செய்பவை எவை? உட்கருவில் அவை எங்கே இருக்கின்றன? எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? இன்று நாம் பேசப்போவது இதைத்தான்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் உடலின் ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வில் சுமார் 600 கோடி எழுத்துச் சோடிகள் இருக்கின்றன. ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் இடையே 0.34 நானோமீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். உங்கள் அப்பாவின் உயரத்தைவிட அதிகம்! இது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவு 10 மைக்ரோமீட்டருக்குள்தான். உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் நூறு உட்கருக்களை வரிசையாக நிறுத்தலாம்.

இவ்வளவு நீளமான டி.என்.ஏ. அதற்குள் எப்படி அடங்குகிறது? ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு ஒன்றுசேர்ந்து சிறிய உருளையாகின்றன. அதன்மேல் டி.என்.ஏ. ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றிக்கொள்கிறது. ஓர் உருளையில் 147 எழுத்துச் சோடிகள். பிறகு சிறு இடைவெளி, மறுபடி ஓர் உருளை. இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். உங்கள் செல் ஒன்றில் சுமார் 3 கோடி நியூக்ளியோசோம்கள் இருக்கும். டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த இந்த முழுத் தொகுப்புதான் குரோமேட்டின்.

1974ஆம் ஆண்டில் ஹிஸ்டோன்கள் எட்டு எட்டாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கண்டு சொன்னவர் ரோஜர் கார்ன்பெர்க். அவருடைய அப்பா ஆர்தர் கார்ன்பெர்க் 1959இல் நோபல் பரிசு வாங்கியபோது ரோஜருக்குப் பன்னிரண்டு வயது. உங்களில் பலருடைய வயது! 2006இல் மகனுக்கும் நோபல் கிடைத்தது.

இப்போது கையில் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமான துண்டு வெட்டி, அதில் உங்கள் பெயர், ஊர், பள்ளி, வகுப்பு எல்லாவற்றையும் இடைவெளி விடாமல் ஒரே வரியாக எழுதுங்கள். எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி, துண்டின் நடுப்பகுதியைப் பென்சில்மேல் ஒன்றரைச் சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு முனைகளில் உள்ள எழுத்துகளைத் திருப்பிப் பார்த்துப் படிக்கலாம். சுற்றுக்குள் சிக்கிய எழுத்துகளைப் படிக்க முடியாது. செல்லிலும் இதே சிக்கல்தான்: மரபணுவைப் படிக்கும் புரதங்களால் நியூக்ளியோசோமில் சுற்றப்பட்ட இடத்தை எளிதில் தொட முடியாது.

அந்த எழுத்துகளைப் படிக்க என்ன செய்வீர்கள்? பென்சிலைத் துண்டின் மேலேயே உருட்டிச் சற்றுத் தள்ளிவிடலாம். மறைந்திருந்த பகுதி வெளியே வரும், வேறு பகுதி உள்ளே போகும். சுற்றைக் கொஞ்சம் தளர்த்தலாம். பென்சிலையே உருவி எடுத்துவிடலாம். அல்லது இந்தப் பென்சிலுக்குப் பதில் வேறொன்றை மாற்றி வைக்கலாம். செல் செய்வதும் இந்த நான்கைத்தான். அதற்கென்றே தனிப் புரதங்கள் வைத்திருக்கிறது. அவற்றின் முழுப்பெயர் குரோமேட்டின் மறுசீரமைப்புப் புரதங்கள். நாம் சுருக்கமாகச் சீரமைப்புப் புரதங்கள் என்போம்.

இவற்றை நமக்குக் காட்டிக்கொடுத்தது ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட். அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸ் என்றால் உயிர். குளுக்கோஸ் தீர்ந்துபோனால்தான் நாம் காப்பியில் போடும் சர்க்கரையை, அதாவது சுக்ரோஸை, உடைத்துச் சாப்பிடும். உடைப்பதற்கு ஒரு நொதி வேண்டும். அதற்கான மரபணுவை அப்போதுதான் திறக்கும். 1984இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லெனோர் நைகபார்ன், மரியன் கார்ல்சன் என்ற இருவர், சுக்ரோஸைச் சாப்பிடத் தெரியாத ஈஸ்ட்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் எந்தெந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலுக்கு 'ஸ்னிஃப்' என்று பெயர். அதே ஆண்டில் அமெரிக்காவின் மறுகோடியில், சான்பிரான்சிஸ்கோவில், ஐரா ஹெர்ஸ்கோவிட்சின் ஆய்வுக்கூடம் முற்றிலும் வேறொரு கேள்வியில் மூழ்கியிருந்தது. ஈஸ்ட் தன் இனத்தை, ஆண்-பெண் மாதிரியான இரு வகைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, எப்படி மாற்றிக்கொள்கிறது என்பது அந்தக் கேள்வி. அவர்கள் போட்ட பட்டியல் 'ஸ்விட்ச்'.

சர்க்கரை தின்பதற்கும் இனம் மாறுவதற்கும் என்ன சம்பந்தம்? யாருக்கும் தோன்றவில்லை. பின்னாளில் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தபோது, இரண்டு பட்டியல்களிலும் ஒரே மரபணு இருந்தது! இன்னொரு துப்பும் கிடைத்தது. இந்த மரபணு பழுதான ஈஸ்ட்டில் ஹிஸ்டோன் மரபணுக்களிலும் சில மாற்றங்களைச் செய்தால், அது மறுபடி சர்க்கரை சாப்பிட ஆரம்பித்தது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். ஹிஸ்டோனின் பிடி தளர்ந்ததும் உதவிக்கு ஆள் தேவைப்படவில்லை. அப்படியானால் அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் வேலையே ஹிஸ்டோனின் பிடியைச் சமாளிப்பதாகத்தான் இருக்க வேண்டும். 1994இல் சோதனைக்குழாயிலேயே அது நிரூபணமாயிற்று. இரண்டு பெயர்களையும் சேர்த்து அந்தப் புரதக் குழுவை 'ஸ்விட்ச்-ஸ்னிஃப்' என்றே இன்றும் அழைக்கிறார்கள். ஒரே ஒரு புரதம் அல்ல அது. பத்துக்கு மேற்பட்ட புரதங்கள் கூடிச் செய்யும் வேலை. அதன் நடுவே ஏடிபி என்ற எரிபொருளில் ஓடும் எஞ்சின் ஒன்று இருக்கிறது. அது டி.என்.ஏ.வைப் பிடித்து, ஓரிரு எழுத்து அளவுக்கு இழுத்து, மறுபடி பிடித்து, மறுபடி இழுத்து நகர்த்துகிறது.

பழ ஈயில் இதற்கு இணையான மரபணுவின் பெயர் என்ன தெரியுமா? பிரம்மா! உடலின் எந்தப் பகுதி என்னவாக வளர வேண்டும் என்ற விதியை முடிவுசெய்வதில் அதற்குப் பங்கு இருப்பதால், அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். மனிதர்களிடம் உள்ள அதன் உறவுக்கார மரபணுவின் பெயர் பிஆர்ஜி1. அதில் வரும் முதல் எழுத்தும் பிரம்மாவைத்தான் குறிக்கிறது. பிஆர்ஜி1 என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூனையிடம் திரும்பும்போது தேவைப்படும்.

சீரமைப்புப் புரதங்களில் நான்கு பெரிய குடும்பங்கள் உண்டு. ஸ்விட்ச்-ஸ்னிஃப் பெரும்பாலும் நியூக்ளியோசோமைத் தள்ளி, அல்லது அகற்றி, இடம் திறந்துவிடும். ஐஸ்விட்ச் குடும்பம் நியூக்ளியோசோம்களைச் சம இடைவெளியில் அடுக்குவதில் கெட்டி. மற்ற இரண்டும் சி.எச்.டி., ஐனோ80. ஹிஸ்டோனை மாற்றி வைக்கும் வேலை ஐனோ80 குடும்பத்தாருக்கு உரியது.

சரி, இவை எல்லாம் உட்கருவுக்குள் எங்கே இருக்கின்றன?

உட்கருவுக்குள் அறைகள் கிடையாது, தடுப்புச் சுவர்கள் கிடையாது. ஆனாலும் எல்லா இடமும் ஒன்றல்ல. 1928இல் எமில் ஹைட்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் பாசிச் செடிகளின் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, குரோமேட்டினில் சில பகுதிகள் எப்போதும் அடர்த்தியாகவும் சில பகுதிகள் வெளிறியும் இருப்பதைக் கவனித்தார். அடர்ந்த, இறுகிய பகுதி ஹெட்டிரோகுரோமேட்டின். நெகிழ்ந்த பகுதி யூகுரோமேட்டின். மனிதச் செல்களில் இறுகிய பகுதி பெரும்பாலும் உட்கருவின் உள்விளிம்பை ஒட்டியும், நடுவிலுள்ள உட்கருமணியைச் சுற்றியும் இருக்கும். நெகிழ்ந்து வேலை நடக்கும் பகுதி உள்ளே பரவியிருக்கும். குரோமோசோம்களுக்கும் அவரவர் வட்டாரம் உண்டு. நம்முடைய 18ஆம், 19ஆம் குரோமோசோம்கள் அளவில் ஏறத்தாழ ஒன்றுதான். மரபணு குறைந்த 18 ஓரத்தை ஒட்டி நிற்கிறது. மரபணு நிறைந்த 19 உள்ளே நிற்கிறது.

ஓரத்தில் கட்டிவைப்பது எது? உட்கருவின் உள்விளிம்பில் லேமின் என்ற புரத வலை இருக்கிறது. அந்த வலையும், உறையில் பதிந்த வேறொரு புரதமும் இறுகிய குரோமேட்டினைப் பிடித்து வைக்கின்றன. இந்தப் பிடிப்பு விட்டுப்போனால் என்னாகும் என்பதை எலியின் கண் காட்டுகிறது. 2009இல் ஜெர்மனியின் மியூனிக்கில் இரினா சொலொவெய் குழுவினர், எலியின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்களில் உட்கரு தலைகீழாக இருப்பதை விளக்கினார்கள். இறுகிய குரோமேட்டின் நடுவே திரண்டிருந்தது. நெகிழ்ந்தது ஓரத்தில் இருந்தது. அந்தச் செல்களில் ஓரத்துப் பிடிப்புகள் இல்லை. இரவில் இரை தேடும் பாலூட்டிகளுக்கு இதனால் ஓர் ஆதாயம் உண்டு: அப்படித் திரண்ட உட்கரு, வரும் கொஞ்சம் ஒளியையும் சிதறவிடாமல் குவித்து அனுப்புகிறது. பகலில் நடமாடும் அணில், பன்றி, குரங்கு ஆகியவற்றின் குச்சி செல்களில் உட்கரு வழக்கமான அமைப்பில்தான் இருக்கிறது. மனிதர்களுக்கும் அப்படியே.

குரோமேட்டினுக்கு இடம் உண்டு என்றால், சீரமைப்புப் புரதங்களுக்கும் நிலையான இடம் இருக்கும் என்றுதான் தோன்றும். வெகுகாலம் ஆய்வாளர்களிடம் இருந்த படங்களும் அப்படி நினைக்கவே வைத்தன. செல்லைக் கொன்று, உறையவைத்து, சாயமேற்றி எடுத்த படங்கள் அவை. எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. உயிருள்ள செல்லில் ஒரே ஒரு புரத மூலக்கூறைத் தனியாகப் பின்தொடர முடிந்தபோதுதான் உண்மை தெரிந்தது. புரதத்தோடு ஒளிரும் சாயத்தை இணைத்து, லேசர் ஒளி பாய்ச்சி, நுண்ணோக்கி வழியே படம் பிடிக்கிறார்கள். கரும்பரப்பில் ஒரு புள்ளி மினுக்கென்று தெரியும். இங்கும் அங்கும் துள்ளும். திடீரென்று ஓரிடத்தில் நிற்கும். நின்றால், குரோமேட்டினைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுபடி துள்ளிப் போய்விடும்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூ குழுவினர் ஈஸ்ட்டின் சீரமைப்புப் புரதங்கள் பலவற்றை இப்படிப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். ஒரு புரதம் ஓரிடத்தில் தங்குவது சில நொடிகள்தான்! அந்த நொடிகளுக்குள் வேலையை முடித்துவிட்டு அடுத்த இடம் தேடிக் கிளம்பிவிடுகிறது. எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒரு பகுதி வேலையில் இருக்கிறது, இன்னொரு பகுதி அலைந்துகொண்டிருக்கிறது. ஏடிபி எஞ்சினைப் பழுதாக்கிப் பார்த்தார்கள். பல புரதங்கள் போன இடத்தைவிட்டு நகர முடியாமல் நீண்ட நேரம் ஒட்டிக்கொண்டன. நியூக்ளியோசோமைத் தள்ளுவதற்கு மட்டுமல்ல, தான் விடுபட்டுப் போவதற்கும் அவற்றுக்கு அந்த எரிபொருள் வேண்டியிருக்கிறது.

ஈஸ்ட்டின் மரபணு ஒன்று தொடங்கும் வாசலில், ஏறத்தாழ 150 எழுத்துச் சோடி நீளத்துக்கு நியூக்ளியோசோம் இல்லாத வெற்றிடம் இருக்கும். படிக்கும் புரதங்கள் வந்து உட்காருவதற்கான இடம் அது. அதை ஒரு தடவை செய்து வைத்துவிட்டால் போதாதா? போதாது. ஒரு சீரமைப்புப் புரதம் வந்து இரு பக்கத்து நியூக்ளியோசோம்களையும் விலக்குகிறது. சற்று நேரத்தில் வேறு குடும்பத்துப் புரதம் வந்து அவற்றை நெருக்குகிறது. மறுபடி விலக்கு, மறுபடி நெருக்கு. இந்த இழுபறியில்தான் வாசல் அந்த அளவில் நிற்கிறது. விலக்கும் புரதத்தை எடுத்துவிட்டால் வெற்றிடம் சுருங்கிவிடுகிறது. உட்கருவில் ஒழுங்கு என்பது எல்லோரும் அசையாமல் நிற்பதால் வருவதில்லை. ஓயாமல் நடக்கும் வேலையால் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறியேன்.

அலைந்து திரியும் புரதம் சரியான இடத்தை எப்படிக் கண்டுகொள்கிறது? ஹிஸ்டோன்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்கள் உண்டு. அவற்றில் செல் சிறிய வேதி அடையாளங்களை ஒட்டுகிறது: சில இடத்தில் அசிட்டைல், சில இடத்தில் மெத்தில். பிஆர்ஜி1 புரதத்தில் அசிட்டைலைப் பிடித்துக்கொள்ளும் பகுதி ஒன்று இருக்கிறது. சி.எச்.டி. குடும்பத்தில் மெத்திலைக் கண்டுகொள்ளும் பகுதிகள் இருக்கின்றன. அடையாளம் பொருந்தும் இடத்தில் புரதத்தின் பிடி கூடுகிறது. பொருந்தாத இடத்தில் கைநழுவிப் போகிறது. உட்கருவின் ஓரத்தில் அசிட்டைலை நீக்கிவிடும் நொதிகள் வேலை செய்வதால், அங்கே பிஆர்ஜி1க்குப் பிடிமானம் குறைவு. சுவர் இல்லாமலே வட்டாரம் உண்டாவது இப்படித்தான்.

இறுகிய பகுதிக்குள்ளும் புரதங்கள் போக வேண்டிய வேளைகள் உண்டு. செல் இரண்டாகப் பிரியுமுன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அப்போது ஐஸ்விட்ச் குடும்பத்துப் புரதம் ஒன்று தன் துணையுடன் ஹெட்டிரோகுரோமேட்டினில் போய்க் கூடுகிறது. இல்லாவிட்டால் அங்கே நகலெடுப்பு தடுமாறுகிறது. அதே புரதம் வேறொரு துணையுடன் சேர்ந்தால் உட்கருமணியில் சில மரபணுக்களை மூடிவைக்கிறது. துணை மாறினால் இடமும் வேலையும் மாறுகின்றன. டி.என்.ஏ. எங்காவது அறுந்தால் ஏஎல்சி1 என்ற சீரமைப்புப் புரதம் நொடிகளில் அங்கே ஓடுகிறது. அறுந்த இடத்தில் செல் எழுப்பும் வேதிச் சங்கிலிதான் அதற்கு அழைப்பு.

இப்போது பூனையிடம் வருவோம். மூடப்பட்ட எக்ஸ், பூனையின் நரம்புச் செல்லில் உட்கருமணியின் பக்கத்தில் இருந்தது. பாலூட்டிகளின் வேறு பல செல்களில் அது உட்கருவின் ஓரத்தில் இருக்கும். இரண்டும் இறுகிய குரோமேட்டினின் வட்டாரங்கள்தான். மூடப்பட வேண்டிய எக்ஸிலிருந்து 'எக்ஸிஸ்ட்' என்ற நீளமான ஆர்.என்.ஏ. உண்டாகி, அந்தக் குரோமோசோம் முழுவதும் பரவுகிறது. 2019இல் எலிச் செல்களில் நடந்த ஆய்வு, இந்த எக்ஸிஸ்ட் பிஆர்ஜி1 புரதத்தைப் பிடித்து அந்தக் குரோமோசோமிலிருந்து விலக்கிவிடுகிறது என்று காட்டியது. திறக்கும் புரதம் பக்கத்து எக்ஸில் வேலை செய்கிறது, இந்த எக்ஸில் அண்ட முடிவதில்லை. எக்ஸ் இப்படி மூடியே இருப்பதால் திட்டு திட்டாகவே இருக்கிறது. பூனை வளர்ந்து கிழமானாலும் நிறம் மாறுவதில்லை.

இந்தப் புரதங்கள் பழுதானால் விளைவு பெரிது. மனிதரின் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஸ்விட்ச்-ஸ்னிஃப் குழுவின் ஏதாவது ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கிறது. மூளை வளர்ச்சியில் தோன்றும் சில குறைபாடுகளுக்கும் இவற்றின் பழுதே காரணம். சர்க்கரை தின்னத் தெரியாத ஈஸ்ட்டைத் தேடியவர்கள் புற்றுநோயைத் தேடிப் போகவில்லை. ஆனால் அவர்கள் அன்று போட்ட பட்டியல் இன்று புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் தினமும் புழங்குகிறது.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருந்தால், ஆசிரியரிடம் கேட்டு வெங்காயத்தின் உள்தோலை மெல்லியதாக உரித்து, சாயம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு செல்லிலும் ஒரு வட்டப் புள்ளி தெரியும், அதுதான் உட்கரு. நன்றாகக் குவித்தால் அதற்குள் உட்கருமணியும் தெரியலாம். சாயம் ஏறியதும் செல் இறந்துவிடுவதால் உள்ளே எதுவும் அசையாது. சாயம் விடாத தோல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்கரு மங்கலாகத் தெரிந்தாலும் அது உயிருள்ள செல். இரண்டையும் குறிப்பேட்டில் வரைந்து, என்ன பார்த்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்.